மரத்துக்குள் ஆணி கிடக்குதா? வாளால் அரிவதற்கு முதல் பார்க்கிற விதம்

திருகோணமலைப் பக்கத்துச் சாம்பல்தீவில் ஒரு வீட்டு வளவுக்குள் நின்ற வேம்பு. சுற்று ஐந்தரை அடி. அடிமரம் ஒன்பது அடிக்கு நேராக, ஒரு கணுக்கூட இல்லாமல். வளவுக்கார அம்மாவிடம் கேட்டேன்: "அம்மா, இதில ஆணி கீணி ஏதும் அடிச்சிருக்கோ?"

"ஐயோ தம்பி, பிள்ளை மாதிரி வளர்த்த மரம். ஆர் ஆணி அடிக்கிறது?"

நம்பி ஏற்றினேன். மில்லில் மூன்றாவது பலகை போய்க்கொண்டிருக்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம். பாண்ட்சோ மெஷினில் ஓடுகிற பட்டி வாள் அறுந்து கூரைத் தகரத்தில் போய் அடித்தது. அந்த நேரம் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க நான் திரும்பியிருந்தேன், அதனால் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே கிடந்தது முள்ளுக்கம்பி. யூ ஆணியும் அதோடு. பின்னேரம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓ, இது பழைய வேலியல்லோ! காணி அளக்க முதல் வேலி இந்த வேம்போடதான் போனது."

அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் பிழை. அடித்த ஆணியை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. வேலியை, ஊஞ்சலை, மாட்டை, கடையை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் மரம் வெட்டுகிறேன், அரிகிறேன். இப்போது மரத்தைத் தொட முதல் மரத்தின் சரித்திரத்தைத்தான் விசாரிப்பது.

முதல் கேள்வி: வேலி முன்னம் எந்த வழியால் போனது? இங்கே பூவரசு, கிளுவை, முள்முருக்கு எல்லாம் கதியாலாக, அதாவது வேலிக் கட்டையாக, ஊன்றித்தானே மரமானவை. கதியாலாக நின்ற மரத்தில் கம்பி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அடுத்தது, மாடு எங்கே கட்டினீர்கள்? மாட்டுக்கு அடித்த வளையம் முழங்கால் உயரத்தில் கிடக்கும். பசு கன்று போட்டால் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) சாக்கில் கட்டிப் பால் மரத்தில் தூக்குகிற வழக்கம் உள்ள வீடு என்றால், ஆலமரக் கொப்பையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். சாக்கு உக்கிப் போயிருக்கும், கட்டின கம்பி உக்காது. உடுப்புக் கொடி எங்கே கட்டியிருந்தது என்பதும் நல்ல கேள்வி. கொடியின் ஒரு நுனி வீட்டுச் சுவரில் கொளுக்கியாக இப்போதும் இருக்கும்; அங்கே நின்று பார்த்தால் மற்ற நுனி எந்த மரம் என்று விளங்கிவிடும். கிணற்றடி மரம் என்றால் தண்ணி அள்ளுகிற துலா போட்டிருந்ததா என்று கேளுங்கள். துலாவுக்கு அடித்த அச்சு இரும்பு ஒரு முழம் வரும். அது வாளுக்கு எமன்.

தெருவோர மரத்துக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. மரண அறிவித்தல், டியூசன் வகுப்பு, தேர்தல் என்று முப்பது வருடத்து நோட்டீஸ் ஆணி முழுக்க அதில்தான். சைக்கிள் கடை நிழலுக்கு நின்ற மரம் அதைவிட மோசம்.

புளியமரம் என்றால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை வீட்டிலேயே வயது கூடினவரிடம், கொஞ்சம் மெதுவாகக் கேட்க வேண்டும்: பேய் ஓட்டி ஆணி அறைந்த மரமா? இளம் ஆட்கள் சிரிப்பார்கள். கிழவி சிரிக்க மாட்டார், எந்தப் பக்கம் என்று கையைக் காட்டுவார்.

இனி உயரம். மரம் வளரும்போது ஆணியும் மேலே ஏறிப்போகும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். தச்சர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏறாது. மரம் உயர்வது நுனியில். பருப்பது பட்டைக்கு அடியில் உள்ள ஈரமான மெல்லிய தோலில்; அந்தத் தோல் உள்ளுக்கு மரத்தையும் வெளியே பட்டையையும் போட்டுக்கொண்டே வருகிறது. ஆணி நின்ற இடத்திலேயே நிற்க, மரம் அதை மூடிக்கொண்டு வெளியே போகிறது. நாலடி உயரத்தில் அடித்த ஆணி நாற்பது வருடத்துக்குப் பிறகும் நாலடியில்தான். ஆகவே சந்தேகப்பட வேண்டிய இடம் முழங்காலிலிருந்து, ஒரு ஆள் சுத்தியலோடு கை தூக்கினால் எட்டுகிற உயரம் வரை. அதிக காசு போகிற குற்றியும் அதுதான், அதுதான் வயிற்றெரிச்சல்.

எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. சாம்பல்தீவு வேம்பையே எடுப்போம். சுற்று 66 அங்குலம்; 22/7ஆல் வகுத்தால் குறுக்கு 21 அங்குலம். கம்பி அடித்த நேரம் மரம் தொடைப் பருமன், அதாவது குறுக்கு ஆறு அங்குலம் என்று அம்மா கையால் காட்டினார். 21இல் 6 போக 15, அதில் பாதி ஏழரை. பட்டையிலிருந்து ஏழரை அங்குலம் உள்ளே. வாள் கம்பியைச் சந்தித்த இடத்தை அளந்து பார்த்தேன், ஏழே கால். இந்தக் கணக்கை முதலே போட்டிருந்தால் ஒரு வாள் மிஞ்சியிருக்கும்.

விசாரணை முடிந்தால் கண்ணுக்கு வேலை. மத்தியான வெயிலில் பட்டையைப் பார்த்து ஒன்றும் விளங்காது. விடியப்புறம் சரிந்த வெயிலில், இல்லையென்றால் பொழுதுபட்ட பிறகு டோர்ச்சைப் பட்டையோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழல் போடும். கம்பி விழுங்கின மரத்தில் அரைஞாண் கட்டின மாதிரிக் குறுக்கே ஒரு கோடு ஓடும், மேலும் கீழும் இரண்டு உதடு மூடின மாதிரி. ஒற்றை ஆணி தொப்புளாகத் தெரியும்: சின்னக் குழி, சுற்றி வீக்கம். பட்டையின் வெடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடிவந்து ஒரு இடத்தில் மட்டும் வளைந்து விலகிப் போனால், அங்கே ஏதோ இருக்கிறது. வேம்பில் காரணமில்லாமல் பிசின் வடிந்தாலும் அப்படித்தான். கண்ணுக்குப் பிடிபடாததைச் சில நேரம் விரல் பிடிக்கும். கம்பி பிரஷால் பாசியைத் தேய்த்துவிட்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.

வெட்டி விழுத்தின பிறகு மரம் தானாகவே ஒரு உண்மையைச் சொல்லும். குற்றியின் இரண்டு வெட்டு முகத்தையும் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். இரும்பு உள்ள மரம் பேனை மை சிந்தின மாதிரி நீலக் கறுப்பாகக் கறுத்திருக்கும். மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் எழுதுகிற மையே அப்படித்தான் செய்தார்கள். புளி, மருது, கருவேல் போன்ற மரங்களில் நன்றாகத் தெரியும். இந்தக் கறை நார் வழியே மேலும் கீழும் அடிக்கணக்கில் ஓடும், பக்கவாட்டில் விரலளவுதான் பரவும். ஆகவே வெட்டு முகத்தில் கறை கண்டால், அதற்கு நேராகக் குற்றியின் நீளத்துக்குச் சோக்கால் ஒரு கோடு இழுங்கள். ஆணி அந்தக் கோட்டுக்குக் கீழேதான் எங்கேயோ.

ஆனால் கறை இல்லை என்பதற்காக ஒன்றும் இல்லை என்று நினைக்கக் கூடாது. செம்பும் பித்தளையும் ஈயமும் இப்படிக் கறுக்காது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல் மரங்களில் தொங்குபடுக்கைக்கும் சோடனை பல்புக்கும் துருப்பிடிக்காத எவர்சில்வர் கொளுக்கி போடுகிறார்கள். கடற்காற்றுக்கு அதுதான் தாங்கும், நியாயம்தான். அது கறையும் காட்டாது, பெரும்பாலும் காந்தத்திலும் ஒட்டாது. கடற்கரை மரம் அரிகிறவர்களுக்கு இப்போது அதுதான் புதுத் தலையிடி.

பொந்துள்ள மரத்தைக் கோடாலிப் பிடரியால் தட்டிப் பாருங்கள். வெறும் பொந்து என்றால் மேளம் மாதிரிக் கேட்கும். கல்லோ சீமெந்தோ புற்றுமண்ணோ நிறைந்திருந்தால் செத்த சத்தம். புற்றுமண்ணை லேசாக நினைக்காதீர்கள். ஆணி நாலு பல்லை உடைக்கும், மண் எல்லாப் பல்லையும் தீட்டி மொட்டையாக்கும்.

கருவிகளுக்கு வருவோம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிப் பட்டைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், இரும்பு உள்ள இடத்தில் சாயும். செலவில்லாத வேலை, ஆனால் ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழத்தில் கிடக்கும் ஆணியை அது கண்டுகொள்ளாது. அடுத்தது கையில் பிடிக்கிற மெற்றல் டிற்றெக்டர். விளக்கத் தேவையில்லை, சண்டை நேரம் சோதனைச் சென்ட்ரியில் நிறுத்தி எங்கள் உடம்பெல்லாம் தடவினார்களே, அதேதான். அது ஒரு நாள் என் கையில் சோறு போடுகிற சாமானாக வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தரையைத் தடவுகிற பெரிய கருவி இன்னும் ஆழம் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அதோடு பிடிபட்டால் புதையல் தோண்டப் போனவன் கணக்கில்தான் உங்கள் படம் பேப்பரில் வரும். எனக்குக் கைக்கருவி போதும்.

அதைப் பாவிக்க முதல் அதன் பார்வை எவ்வளவு என்று சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குல ஆணியை ஒரு மரத்துண்டில் அடித்து, மேலே ஒரு அங்குலப் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போங்கள். என்னுடையது மூன்றாவது பலகையோடு ஊமையாகிவிடும். அப்படியானால் என் கருவிக்கு மூன்று அங்குலத்துக்குக் கீழே குருடு. சாம்பல்தீவுக் கம்பி ஏழே காலில் கிடந்தது. வெளியே ஒரு தரம் தடவிவிட்டு "கிளியர்" என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். ஒரு பலகை கழித்து ஒரு தடவல், அடுத்த பலகை கழித்து அடுத்த தடவல். நேரம் போகும்தான்.

மணிக்கூடு, மோதிரம், போன், இடுப்புப் பட்டி எல்லாம் கழற்றி வையுங்கள். குற்றி கிடக்க வேண்டியது மரக்கட்டையின் மேல். டிராக்டர் பெட்டியிலோ மில்லின் தள்ளுவண்டியிலோ வைத்துத் தடவினால் கருவி ஓயாமல் கத்தும். நாலு பக்கமும் உருட்டித் தடவ வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்து சத்தம் வந்தால் இரண்டிலும் புள்ளி போட்டு, நேர்கோடு இழுத்தால் சந்திக்கிற இடம் ஆணி.

தென்னை பனைக்குக் கதை வேறு. அவற்றுக்கு நான் சொன்ன அந்த ஈரத் தோல் கிடையாது. வருடா வருடம் பருத்து மூடுகிற மரம் அல்ல. அடித்த ஆணி வெளியே தெரிந்தபடி நிற்கும், துளைத்த ஓட்டை ஓட்டையாகவே கிடக்கும். எலி ஏறாமல் தென்னைக்குச் சுற்றின தகரத்தின் ஆணிகள் தலை இற்றுப்போய் உள்ளே மிஞ்சும், அந்த ஒரு வளையத்தைப் பார்த்தால் சரி. ஆனால் சண்டை நேரம் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) அடுக்கின தென்னை, பனைக் குற்றி கிடைத்தால் வாளைக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம். மண்ணும் ஷெல் துண்டும் சேர்ந்து இறுகிப்போன சாமான் அது.

இது திருகோணமலை. ஆகவே எனது கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: சண்டை நேரம் இந்த வளவில் யார் இருந்தது? முகாம் இருந்த இடம், சென்ட்ரி இருந்த சந்தி, தெருவைப் பார்த்து நின்ற மரம் என்றால், முழங்கால் முதல் கையெட்டு வரை என்று மேலே சொன்ன உயரக் கணக்கை மறந்துவிட வேண்டும். துவக்குச் சன்னமும் ஷெல் பீசும் எந்த உயரத்திலும் கிடக்கும். சீனன்குடாப் பக்கத்துக் கிழட்டு மரம் என்றால் கணக்கை 1942இலிருந்தே தொடங்கலாம். அந்த வருடம் ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்துக்கும் சீனன்குடா விமானத்தளத்துக்கும் குண்டு போட்டன.

மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாலைக் குற்றியை அரிந்தபோது சத்தமே வரவில்லை. பலகையைப் புரட்டினபோதுதான் பார்த்தேன். பாலையின் சிவப்பில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சாமான்: செம்பு விளிம்பு, அதற்குள் மங்கின ஈயம், வாள் அதை நீளவாக்கில் சரி பாதியாகப் பிளந்திருந்தது. அது வந்த வழி ஒரு பென்சில் கோடு மாதிரிப் பட்டைப் பக்கம் ஓடி, நடுவில் மூடிப்போயிருந்தது. செம்பும் ஈயமும் மெதுவானவை, வாள் வெட்டிக்கொண்டு போய்விடும். சில சன்னத்தின் நடுவில் இரும்பு இருக்கும். அது பல்லைத் தின்னும். அந்தப் பலகையைக் கழிக்கப் போனேன். மரம் கொண்டுவந்த ஐயா வேண்டாம் என்றார். வீட்டு முன்கதவில் அதை அப்படியே போட்டிருக்கிறார்.

பாய்ந்து நின்ற சாதாரணத் துவக்குச் சன்னம் வெடிக்காது. கோதோடு உள்ள முழு ரவை வெடிக்கும், பொந்துகளில் அப்படி ஒளித்து வைத்ததும் உண்டு. கவட்டில் ஷெல்லின் வால் செட்டை மாதிரி ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால், மரத்தடியில் மெல்லிய கம்பி ஓடினால், பொந்துக்குள் உருண்டையாகவோ குழாயாகவோ இரும்புச் சாமான் கிடந்தால் மெஷினை நிறுத்துங்கள். தொடவோ தட்டவோ இழுக்கவோ நெருப்பு வைக்கவோ கூடாது. வந்த அடியிலேயே திரும்பி நடந்து, ஆட்களை விலக்கி, 119க்கு அடியுங்கள். நான் ஒரு தரம் அப்படி ஒரு பாலையை விட்டுவிட்டு வந்தேன். அரை நாள் கூலி போனது. கூட வந்த பொடியன் "அண்ணை, துருப்பிடிச்ச சாமான் தானே" என்றான். துருப்பிடித்தது இன்னும் மோசம் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கம்பி உள்ள மரத்தை விழுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். கம்பி பக்கத்து மரத்தோடு இன்னும் பிணைந்திருந்தால், மரம் சாய்கிற வேகத்தில் வேலியையும் கட்டையையும் இழுத்துக்கொண்டு வரும். வெளியே தெரிகிற கம்பி எல்லாவற்றையும் முதலே குறட்டால் வெட்டுங்கள். வெட்டு வாயை இரண்டு இழைக் கம்பிக்கு நடுவில் வையுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை என்றால் 1951ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதி எடுக்காமல் கை வைக்கக் கூடாது. ஏற்றிக்கொண்டு போகவும் கடிதம் வேண்டும். அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

ஆணி இடம் பிடிபட்டால், ஒற்றை ஆணி என்றால் சுற்றி உளியால் கிண்டி, தலை வந்ததும் ஆணிக்குறட்டால் பிடுங்கலாம். துருவேறினது இழுத்தால் நடுவில் முறியும், பாதி உள்ளே நின்றுவிடும். சுற்றிவரத் துளைபோட்டு மரத்தோடு சேர்த்து முளை மாதிரிக் கழற்றுவது நல்லது. முள்ளுக்கம்பியோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த ஒரு அடியைக் குறுக்கே வெட்டித் தள்ளிவிட்டு மிச்சத்தை அரியுங்கள். தள்ளினதை ஆப்பு வைத்துப் பிளந்தால் விறகாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் வாள் ஆணியில் படும். செயின்சோ என்றால் பொறி பறக்கும், சத்தம் கீச்சிடும், சில்லுச் சில்லாக வந்த தூள் மாவாக மாறும். அந்த இடத்தில் "இன்னும் கொஞ்சம்தானே" என்று அமத்தக் கூடாது. சங்கிலி அறுந்தால் ஆள் மேலேயே வந்து அடிக்கலாம். அணைத்து, எடுத்து, பல்லைப் பாருங்கள். மூலை மழுங்கின பல்லை, மழுங்கல் முழுக்கப் போகும்வரை அராவ வேண்டும். எங்கள் பெரிய மெஷினுக்கு 5.5 மில்லிமீற்றர் வட்ட அரம், சின்னதுக்கு 4.8. ஒரு பல்லை மட்டும் குட்டையாக்கினால் வெட்டு ஒரு பக்கம் இழுக்கும். மற்றதெல்லாவற்றையும் அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பாண்ட்சோவில் வாளுக்கு நேரே ஒருபோதும் நிற்காதீர்கள், தேத்தண்ணிக் கோப்பை எப்போதும் வந்து காப்பாற்றாது.

பலகையில் நின்ற மைக்கறையை ஒக்சாலிக் அமிலம் கரைத்துப் பூசி, பிறகு நல்ல தண்ணீரால் கழுவி எடுக்கலாம். கையுறை போடுங்கள், அது நஞ்சு.

காசுக் கதையை மரம் மில்லுக்கு வர முதல் பேசிவிடுங்கள். வாள் அறுந்தால் யார் தலையில்? என் முறை இது: நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருந்தால் வாள் என் கணக்கு, மறைத்திருந்தால் மரக்காரர் கணக்கு. சாம்பல்தீவு அம்மாவிடம் நான் சரியான கேள்வியே கேட்கவில்லை, ஆகவே காசு கேட்கவில்லை. அவராகவே பாதி வாளுக்குக் காசு தந்தார். தந்துவிட்டு அந்தக் கம்பித் துண்டைத் திருப்பித் தரவில்லை. பக்கத்து வளவுக்காரரோடு எல்லை வழக்கு நடக்குதாம், பழைய வேலி போன இடத்துக்கு அதுதான் சாட்சியாம். "தம்பி, அந்த அடிக்கட்டையைத் தோண்டிப் போடாதேங்கோ, நீதவான் வந்து பார்க்கட்டும்" என்று படலை வரை வந்து சொன்னார்.